பிளாஸ்டிக் போட்ட சான்றிதழ்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தப் பொந்தைப் புதிதாகப் பார்க்கிற யாரும் கடை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பதினேழு வருடமாக அது கடைதான். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், நாலில் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்த மேஜை, மேஜைக்குப் பின்னால் அவள். எல்லாருக்கும் அவள் பிளாஸ்டிக் அக்கா. பிறந்தவர், படித்தவர், கட்டிக்கொண்டவர், செத்தவர் என்று ஊரில் பாதிப் பேருடைய காகிதம் அவள் கைவழியாகச் சூடாகி, மினுமினுத்து வெளியே வந்திருக்கிறது.

"போட்டா போட்டதுதான். அப்புறம் மழை, எலி, குழந்தை, எதுவும் ஒண்ணும் பண்ண முடியாது" என்பாள் வருகிறவர்களிடம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு டாக்டரின் தோரணை வந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். பேருந்து நேர அட்டவணை, கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, மகள் ஒன்றாம் வகுப்பில் வரைந்த யானையா எருமையா என்று தெரியாத ஒரு படம், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக். அந்த வீட்டில் மெஷினுக்குள் போகாமல் தப்பித்தது அவளும் மகளும் மட்டும்தான் என்று எதிர் அலுவலகத்துக் குமாஸ்தா கிண்டல் செய்வார். கணவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மகளுக்கு நாலு வயதிருக்கும்போது வேலை தேடிப் போன மனுஷன் அவன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது.

மகளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவாள். குட்டிக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சத்தமாகப் பேசக்கூட மாட்டார். விசாரித்த இடத்திலெல்லாம் தங்கமான பையன் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் அவரோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அது அவள் தப்பு, அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

கல்யாணமான புதிதில் குட்டி தினமும் பேசினாள். பிறகு வாரம் ஒரு முறை. பிறகு எப்போது கூப்பிட்டாலும் மாப்பிள்ளைதான் எடுத்தார். "அத்தை, நல்லா இருக்கீங்களா? இதோ குடுக்கிறேன்" என்று ஸ்பீக்கரில் போடுவார். குட்டி "ம்", "ஆமா", "சாப்பிட்டேன்" என்பாள். பார்க்க வரட்டுமா என்று அம்மா கேட்டால் பதில் அவரிடமிருந்து வரும். "அடுத்த மாசம் வாங்க அத்தை, இப்ப வீட்ல வெள்ளையடிக்கிறோம்." ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டே இருந்தார்கள்.

திங்கட்கிழமை மாலை கடைக்கு ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. குட்டி. ஏதோ மருந்துக்கடை போனிலிருந்து பேசினாள், மூச்சு வாங்கியது.

"அம்மா, குறுக்க பேசாம கேளு. வியாழக்கிழமை காலையில எல்லை ஸ்டேஷனுக்கு வந்துடு. அன்னிக்கு அவர் விடியறதுக்கு முன்னாடி லோடு இறக்கப் போனா ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவாரு. என் பாஸ்போர்ட், சர்டிபிகேட் எல்லாத்தையும் அவர் பூட்டி வெச்சிருக்காரு. என் பிறப்புச் சான்றிதழைப் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா. எனக்கு போன் மட்டும் பண்ணிடாத."

"என்னடி ஆச்சு? அடிக்கிறாரா?"

"வீட்டுக்குள்ள எந்தக் கதவுக்கும் இப்ப தாழ்ப்பாள் இல்லம்மா. எல்லாத்தையும் கழட்டிட்டாரு. குளிக்கிற ரூமுக்கும்தான்." அதோடு வைத்துவிட்டாள்.

அடித்தார் என்று சொல்லியிருந்தால்கூட அம்மா அழுதிருப்பாள், திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் இருந்த யாருடைய மதிப்பெண் பட்டியலையோ தலைகீழாகப் பிடித்தபடி நின்றாள்.

பழைய சான்றிதழ் குட்டியோடு அந்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை குமாஸ்தாவிடம் போய் நின்றாள். அவர் காரணம் கேட்கவில்லை, அவள் முகமே போதுமாக இருந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் ஒருத்தி எல்லையைத் தாண்டி வர ஒரே வழிதான் இருக்கிறது என்று அவர் விளக்கினார். இந்தப் பக்கம் பிறந்தவள் என்பதற்கு அசல் சான்றிதழ் வேண்டும். பெற்றவர்களில் ஒருத்தர் நேரில் வந்து எல்லை ஜன்னலில் கையெழுத்துப் போட வேண்டும். "அசல் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. நகல் கொண்டுபோனா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று சொல்லி, நாலு நாள் ஆகும் சான்றிதழை அன்று சாயங்காலமே அச்சடித்து, கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சான்றிதழை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தெருவைத் தாண்டிக் கடைக்கு ஓடினாள். ஒரு மூலையில் லேசாக ஈரம். அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. மெஷினைச் சூடாக்கி, காகிதத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, இருக்கிறதிலேயே தடித்த உறைக்குள் வைத்து உள்ளே விட்டாள். பதினேழு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக ஒன்றையும் போட்டதில்லை. ஒரு குமிழ் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அன்று ராத்திரி அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்ததென்றால் அது அந்த உறை கொடுத்த தைரியத்தால்தான்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டி ஏறினாள். தனியாக ரயிலில் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. டிக்கெட்டில் காலை ஏழு மணிக்கு எல்லை ஸ்டேஷன் என்று போட்டிருந்தது. அவளுக்கு அச்சில் இருப்பதில் அபார நம்பிக்கை. ராத்திரி முழுக்க மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிகிற நேரத்தில் வண்டி ஒரு பெரிய சந்திப்பில் நின்றது. நின்றது நின்றதுதான். முதலில் சிக்னல் என்றார்கள், அப்புறம் தண்டவாளத்தில் தண்ணீர் என்றார்கள், அப்புறம் எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். மேற்கொண்டு போக வேறு வண்டியில் ஏற வேண்டும், அதற்குப் பழைய டிக்கெட்டில் மறுகையெழுத்து வாங்க வேண்டும், அந்தக் கையெழுத்துக்கு ஒரே ஒரு கவுன்டர். அதன் முன்னால் முந்நூறு பேர். கவுன்டரில் இருந்தவர் ஒவ்வொரு டிக்கெட்டையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் படிப்பது மாதிரி படித்தார். மணி ஏழு ஆனது. இந்நேரம் குட்டி அங்கே வந்து நின்றிருப்பாள். எட்டு ஆனது. ஒன்பது.

"என் பொண்ணு காத்துட்டிருக்கா, கொஞ்சம் விடுங்க" என்று முன்னால் நின்றவரிடம் கெஞ்சினாள்.

"எனக்கும் வீட்ல காத்துட்டுதாம்மா இருக்காங்க. இங்க யாரும் பொழுதுபோகாம நிக்கல" என்றார் அவர், திரும்பாமலேயே. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஒருவழியாகக் கையெழுத்து வாங்கி, நிற்கிற இடமெல்லாம் நின்று போகும் ஒரு வண்டியில் நின்றுகொண்டே வந்து, எல்லை ஸ்டேஷனில் இறங்கியபோது பகல் பன்னிரண்டரை. ஒரே ஸ்டேஷன், இரண்டு பக்கம். பிளாட்பாரத்தை நடுவில் வெட்டியது போல ஆளுயரத்துக்கு மேலே ஒரு கம்பி வேலி. வேலியின் நடுவில் ஒரு கட்டடம், அதில் ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு கதவு. அந்தப் பக்கத்து பிளாட்பாரத்தில் நாலைந்து பெஞ்சுகள் காலியாக இருந்தன. வேலியில் முகத்தை ஒட்டி அந்தக் கோடிவரை பார்த்தாள். குட்டி இல்லை.

ஜன்னலில் இருந்த அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே கையை நீட்டினார். அவள் பையிலிருந்து சான்றிதழை எடுத்து, இருந்த பதற்றத்திலும் ஒரு சின்னப் பெருமையோடு ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினாள். அவர் அதைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒரு தட்டு தட்டினார்.

"இதுக்கு யார் பிளாஸ்டிக் போட்டது?"

"நான்தான் சார். நம்ம கடையே அதுதான்."

அவர் மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துச் சான்றிதழின் ஓரத்தோடு சேர்த்து வைத்தார். முத்திரையை மையில் அழுத்தி, பாதி படிவத்தில், பாதி சான்றிதழில் விழுகிற மாதிரி குத்தினார். பிறகு கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். படிவத்தில் இருந்த அரை வட்டம் அப்படியே இருந்தது. சான்றிதழில் இருந்த அரை வட்டம் நீலமாக வழிந்து போயிற்று.

"இந்த சீல் ரெண்டுலயும் பாதிப்பாதி நிக்கணும்மா. அப்பத்தான் அந்தப் பக்கம் கதவைத் திறப்பாங்க. பிளாஸ்டிக்மேல நான் எங்க குத்துறது?"

"பிரிச்சுக் குடுத்துடறேன் சார்" என்று வாய் சொன்னது. சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். பிரித்தால் அச்சு மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும், கையில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். எத்தனை பேர் தப்பான காகிதத்துக்குப் போட்டுவிட்டு வந்து அழுதிருக்கிறார்கள், எத்தனை பேரிடம் அவள் உதட்டைப் பிதுக்கியிருக்கிறாள். அவளிடம் வந்ததெல்லாம் வேலை முடிந்த காகிதங்கள். இது இனிமேல்தான் வேலை செய்ய வேண்டிய காகிதம் என்று அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"பிரிச்சா செல்லாது. வெட்டினாலும் செல்லாது" என்றார் அதிகாரி. அவர் குரலில் கோபம் இல்லை. "முதல்ல உங்க பொண்ணு வரட்டும். வந்தா யோசிப்போம். ஜன்னல் அஞ்சு மணி வரைக்கும்."

ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. அந்தப் பக்கம் வண்டி எதுவும் வரவில்லை. ஒரு காவலாளி மட்டும் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தான். ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, அம்மாவைக் காணோம் என்று குட்டி திரும்பிப் போய்விட்டாளோ. திரும்பிப் போயிருந்தால் எங்கே போவாள், அந்த வீட்டுக்குத்தானே. இல்லை, கிளம்பவே முடியவில்லையோ. ஒவ்வொரு யோசனையும் முந்தினதைவிட மோசமாக வந்தது. போன் பண்ணாதே என்று குட்டி சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. மூன்று மணிவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. யாராலும் முடியாது.

குட்டியின் எண்ணை அழுத்தினாள். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்கள்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா?"

ராத்திரி ஒன்பதுக்கு வர வேண்டியவர். "நல்லா இருக்கேன் மாப்பிள்ளை. சும்மாதான் கூப்பிட்டேன். நீங்க வேலைக்குப் போகலியா?"

"ரோடெல்லாம் தண்ணி அத்தை. லோடு வரல. பாதியில திரும்பிட்டேன்."

"குட்டி இருக்காளா?"

"தூங்குறா. எழுப்பட்டுமா?" என்றார். அவசரமே இல்லாத குரல். "நீங்க எங்க இருக்கீங்க?"

"கடையிலதான்."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ஒலிபெருக்கி உயிர் பெற்றது. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஆரம்பித்து, ஸ்டேஷன் பெயரை இரண்டு பக்கத்து மொழியிலும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தது. அவள் போனைக் கையால் பொத்தினாள். பொத்தி என்ன பிரயோஜனம்.

"சரி அத்தை. வெக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் ஏதாவது கேட்டிருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

மூன்றேமுக்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி ஊர்ந்து வந்தது. அதே மழை, அதே தண்ணீர், அங்கேயும் ஏழெட்டு மணி நேரத் தாமதம். இறங்கிய பத்துப் பதினைந்து பேரில் கடைசியாக, கைப்பை ஒன்றை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குட்டி இறங்கினாள். அம்மாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, முடியைக் கழுத்துவரை யாரோ ஒழுங்கில்லாமல் வெட்டியிருந்தார்கள். வேலிக் கம்பிகளுக்கு நடுவில் நாலு விரல் போகிற இடைவெளி. அதன் வழியாக ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே அழவில்லை. அழுதால் நேரமாகும்.

அம்மா ஜன்னலுக்கு ஓடினாள். பொண்ணு வந்துவிட்டாள் சார், என் முகஜாடை பாருங்கள் சார், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் சார். அதிகாரி எட்டி வேலிப்பக்கம் பார்த்தார். அந்த உடம்பைப் பார்த்ததும் அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். யாருக்கோ போன் செய்து பத்து நிமிடம் பேசினார். இடையில் மூன்று தடவை தும்மினார்.

"உறுதிமொழி எழுதி வாங்கிட்டு விடுற அதிகாரம் எங்க மேலதிகாரிக்குத்தான் இருக்கு. காலையில ஒன்பது மணிக்கு வருவாரு. கட்டாயம் விட்டுடுவாரும்மா, நானே சொல்லிட்டேன். இன்னிக்கு ஒரு ராத்திரி பொண்ணு அந்தப் பக்கத்து ஹால்ல உக்காந்திருக்கட்டும். காவலுக்கு ஆள் இருக்கு."

திரும்பி வேலிக்கு வந்து அதைச் சொன்னாள். குட்டியின் முகத்தில், எத்தனை நாளைக்குப் பிறகோ, சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "ஒரு ராத்திரிதானே. இருந்துப்பேன். போனை வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன், அது இருந்தா நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிச்சிடுவாரு. ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து பாத்தாலும் எங்கன்னு தேடுவாரு? தெரிஞ்சவங்க வீட்டையெல்லாம் தேடவே ஒரு நாள் ஆகும்."

அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"நீ போன் பண்ணலல்ல?" என்றாள் குட்டி.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "பண்ணிட்டேன் கண்ணு. மூணு மணிக்கு. அவர் வீட்லதான் இருந்தாரு. நான் கடையில இருக்கேன்னு சொன்னேன், அதுக்குள்ள மைக்ல இந்த ஊர் பேரைச் சொல்லிட்டாங்க."

குட்டி திட்டவில்லை. ஏன்மா என்றுகூடக் கேட்கவில்லை. ஸ்டேஷன் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நாலு இருபத்தைந்து. "வேன்ல வந்தா ரெண்டு மணி நேரம்" என்றாள், பேருந்து நேரம் சொல்வது போல. பிறகு அவள் கை வேலிக்குள்ளிருந்து மெதுவாகத் தன் பக்கம் போய்விட்டது. அது ஒன்றுதான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

இரண்டு பக்கத்துக் காவலாளிகளிடமும் சொல்லிப் பார்த்தாள். இந்தப் பக்கத்தவன் அது தன் எல்லை இல்லை என்றான். அந்தப் பக்கத்தவன் புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் தான் தலையிடுவதில்லை என்றான். மணி நாலே முக்கால். மறுபடியும் ஜன்னலுக்கு வந்து தன் பாஸ்போர்ட்டை நீட்டினாள். பெண்ணைப் பார்க்கப் போவதற்கென்று எடுத்து, ஒரு தடவைகூடப் பயன்படாத பாஸ்போர்ட். தடிமனாக இருந்ததால்தான் அதை மெஷினுக்குள் விட முடியாமல் போயிருந்தது.

"இதுல குத்துங்க சார். நான் அந்தப் பக்கம் போறேன்."

"உங்க பொண்ணு இந்தப் பக்கம் வரணும்னுதானே வந்தீங்க?"

"அவ வர முடியலல்ல சார். அதான் நான் போறேன்."

"அஞ்சு மணிக்கு இந்தக் கதவைப் பூட்டிடுவோம். அப்புறம் காலையில ஒன்பது வரைக்கும் நீங்களும் திரும்பி வர முடியாது. யோசிச்சுக்கங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. முத்திரை நல்ல தாளில் நன்றாக விழுந்தது. கதவு வழியாக அந்தப் பக்கம் போனாள், பின்னால் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. ஹாலில் ஒரு மூலை பெஞ்சில் குட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். இரண்டு பேரும் சுவரில் முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். குட்டியின் கை ஜில்லென்று இருந்தது, ஆனால் இந்தத் தடவை இழுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து பத்துக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஓடி வந்தவர் மாதிரி தெரியவில்லை. சட்டை இஸ்திரி போட்டிருந்தது, கையில் குட்டியின் போன். காவலாளி வழிமறித்து யார் என்று கேட்டான். "வீட்டுக்காரர்" என்றார் அவர், ஒரு மன்னிப்புக் கேட்கிற புன்னகையோடு. பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டினார், குட்டியின் பாஸ்போர்ட். காவலாளி அதைப் பார்த்துத் தலையாட்டினான். ஒரு ஆம்பிளை வந்து சேர்ந்ததில் அவனுக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. டீ குடிக்கப் போனான்.

"வாங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. "வந்ததே வந்தீங்க, வீட்டுக்கே வந்துடுங்க. வேன்ல ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு."

அம்மா எழுந்து, குட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "இல்ல மாப்பிள்ளை. நாங்க இங்கயே உக்காந்துக்கறோம்."

அவர் கோபப்படவில்லை. அப்படியா என்பது போல ஹாலைச் சுற்றிப் பார்த்தார். காலி பெஞ்சுகள், பூட்டிய கதவு, யாருமில்லாத ஜன்னல். பிறகு எதிர் பெஞ்சின் தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"சரி அத்தை" என்றார். "நானும் உக்காந்துக்கறேன்."

ஒன்பது மணிக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது.